போஸ்டரில் இல்லாதவர்

போஸ்டரை இரண்டு கைகளாலும் விரித்து, மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்துவிட்டு வெங்காயக்காரர் கேட்டார்: "எல்லாரும் இருக்காங்க டீச்சர். நான் எங்க?"

டிராயிங் டீச்சர் தானும் தேடுவதுபோலப் போஸ்டர் பக்கம் குனிந்தாள். உழவர் சந்தைக்கு ஒவ்வொரு பருவத்திலும் உள்ளூர் ஓவியர் ஒருவர் போஸ்டர் வரைவார். ஊர்க்காரர்கள் அதை வாங்கிச் சட்டம் போட்டு, பழையவற்றோடு வரிசையாக மாட்டிவைப்பார்கள். இந்தப் பருவம் அவள் முறை. தேன் விற்கும் தம்பதி, முட்டைக்கார அம்மா, அந்த அம்மாவின் ஓயாத வாய், எல்லாமே அச்சு அசலாக வந்திருந்தன. வெங்காயக் கடையில் மட்டும் கூடைகளும் தராசும் இருந்தன, ஆள் இல்லை.

"இடம் பத்தலைங்க," என்றாள். பொய் என்று அவள் காதுக்கே கேட்டது.

"அட, விடுங்க. என் பொண்ணுதான் தேடித் தேடிப் பார்த்துட்டு, 'அப்பா, நீ டீ குடிக்கப் போயிருப்பே'ங்கறா." சிரித்தார். மனைவி இறந்தபிறகு அவர் சிரிப்பு எப்போதும் பாதியிலேயே நின்றுவிடும். "அடுத்த பருவத்துக்குக் கடையைத் தம்பி பார்த்துக்குவான். நான் நிலத்தோட இருந்துடலாம்னு இருக்கேன். ஒரு ஞாபகத்துக்கு இருக்குமேன்னுதான் கேட்டேன்."

வீடு வந்து இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே அவர்தான், தாள் தாளாக. வெங்காயச் சருகை ஊதித் தள்ளும்போது குவிகிற உதடு. சில்லறை தேடிச் சட்டைப்பையைத் தட்டும் கை. வாங்க ஆள் வராத நேரத்தில் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் கண். எல்லாம் நன்றாக வந்திருந்தன, அதுதான் வினை. பார்க்கிற எவருக்கும் வரைந்தவளின் மனசு தெரிந்துவிடும். ஊரிலுள்ள கூடங்களிலெல்லாம் அவர் படம் தொங்குவதை நினைத்தால் பொறாமையாகவும் இருந்தது. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்பு, போஸ்டரிலிருந்து அவரை அவளே அழித்திருந்தாள்.

அண்ணி கதவில் சாய்ந்து நின்றாள். "ஏம்மா, வீட்ல வெங்காயம் மலையாட்டம் கிடக்கு. நீ வாராவாரம் இன்னும் வாங்கிட்டு வர்ற. நாங்கல்லாம் என்ன கண்ணு தெரியாதவங்களா?"

அவள் தாள்களை மூடப் பார்த்தாள். அண்ணி விடவில்லை. "ஒண்ணை எடுத்துட்டுப் போய்க் குடேன்."

"அவர் சிரிச்சுட்டார்னா, அண்ணி?"

"சிரிக்கட்டுமே. அந்த மனுஷன் முழுசா சிரிச்சு எத்தனை காலமாச்சு!"

பருவத்தின் கடைசிச் சந்தையன்று, சுருட்டிய தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனாள். கடையில் கூட்டம் நெரிந்தது. அவளைப் பார்த்ததும் அவர், "நல்லவேளை வந்தீங்க டீச்சர்! வண்டியில ஒரு மூட்டை கிடக்கு. எடுத்துட்டு வந்துடறேன், கொஞ்சம் கடையைப் பார்த்துக்கோங்க," என்று சொல்லிவிட்டு நடந்தார். மறுக்க இடமில்லை. முதல் தடவையாக மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றாள்.

அங்கிருந்து சந்தை வேறு மாதிரி இருந்தது. தேன் கடைக்கு அருகிலுள்ள தூண் நேர் எதிரே தெரிந்தது. இத்தனை வாரமும் மறைந்து நிற்பதாக நினைத்துக்கொண்டு அவள் அவரை வரைந்த இடம் அது. மறைவாவது ஒன்றாவது! அங்கே சாய்ந்து நின்றிருந்த யாரோ ஒருவர் கண் இமைப்பதுகூட இங்கிருந்து தெரிந்தது.

அவளுக்குக் காது சுட்டது.

"என்னம்மா விலை?" என்றார் ஒருவர், கூடையைக் காட்டி. அவள் நிமிர்ந்தாள். விலை கேட்டவரின் தலைக்கு மேலே, தோளில் மூட்டையோடு வெங்காயக்காரர் வந்துகொண்டிருந்தார். அந்தத் தூணருகே வந்ததும் நடை தளர்ந்தது. மூட்டையை இறக்காமலே அங்கே நின்று, கடையில் நிற்கிற அவளைப் பார்த்தார்.