சன்னாசி தனக்கு வைத்த கெடு

மலேசியாவில், சுங்கை புரோங் வாய்க்கால்களில் இருபத்தாறு வருஷம் மதகு திறந்து மூடிய அரசாங்க ஊழியர் சன்னாசிக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் ஓய்வு வந்தது. கூடவே நிரப்பித் தரச் சொல்லி ஒரு பாரமும் வந்தது. ஒரே பக்கம்தான். அதற்கே மனுஷர் மூன்று வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

பென்சன் வேண்டும் என்று கையெழுத்துப் போட்டால், சேமநிதியில் அரசாங்கம் அவருக்காகக் கட்டிய பங்கு அரசாங்கத்துக்கே திரும்பிவிடும். அவர் கட்டியது மட்டும் அவருக்கு. பென்சன் வேண்டாம் என்றால் இரண்டு பங்கும் மொத்தமாகக் கைக்கு வரும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவதாம், நல்ல நியாயம்தான் போங்கள்! அரசாங்கம் குடியிருக்கக் கொடுத்த குவார்ட்டர்ஸை வேறு காலி செய்ய வேண்டும். புக்கிட் ரோத்தானில் ஒரு பலகை வீடு விலைக்கு வந்திருந்தது. மொத்தமாக வந்தால் அதை வாங்கிவிடலாம்.

சன்னாசி முடிவெடுத்துவிட்டார். அப்பா ஐம்பத்தேழு வயதில் போனார். அண்ணன் ஐம்பத்தெட்டைத் தாண்டவில்லை. தனக்கு இப்போது ஐம்பத்தைந்து. மாசாமாசம் வாங்க ஆள் இருந்தால்தானே பென்சன்?

ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி இனாயத்துல்லா பாரத்தைப் பார்த்தார்.

"மொத்தமாவாண்ணே? நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சாச்சு லா. இன்னும் ரெண்டு மூணு வருஷந்தான் நம்ம ஓட்டம்."

"அண்ணிக்கு என்ன வயசு?"

"நாப்பத்து மூணு."

"நீங்க போனப்புறம் பென்சன் அவங்களுக்கு வரும்ணே. அவங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா?"

சன்னாசிக்குச் சுருக்கென்றது. கேட்கவே இல்லை. தான் சாகும் நாளை எண்ணியவர், அவள் இருக்கப்போகும் நாளை எண்ணவில்லை. வெட்கமாக இருந்தது. வெளியே பெஞ்சில் குடையோடு உட்கார்ந்திருந்த மனைவி காளியம்மாவை உள்ளே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ரெண்டு மூணு வருஷம்னு யாரு சொன்னா? டாக்டரா?"

"யாரும் சொல்லல. எங்க வீட்டு ஆம்பளைங்க எல்லாம் அப்படித்தானே."

"அட பாவி மனுஷா! எங்கிட்ட சொல்லாம நீங்களே நாள் குறிச்சுக்கிட்டீங்களா?" அவள் குரல் உடைந்தது. இனாயத்துல்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வீடு வேணாமா காளி?"

"வாடகைக்கு இருந்துக்கலாம். பென்சனுக்கே போடுங்க."

சன்னாசி பென்சனுக்கே கையெழுத்துப் போட்டார். காளியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குடையை எடுத்தாள்.

"மாசாமாசம் நீங்கதான் வந்து வாங்கணும். நான் வந்து நிக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."