லெனாட்டுக்குப் போட்ட சோறு

றெஜினா மாமி கண் விழித்ததும் கேட்கும் முதற் கேள்வி அதுதான்.

"லெனாட் வந்திட்டானோ?"

"இன்னும் வரேல்லை மாமி. பின்னேரம் வருவார்."

ஒரு வருடமாக றொசாந்தி இதையே சொல்லி வந்தாள். அவளுடைய கணவன் லெனாட் போன கார்த்திகையில் கடலில் இறந்துவிட்டான். காற்றில் படகு கவிழ்ந்து, இரண்டாம் நாள் மண்டைதீவுக் கரையில் உடல் ஒதுங்கியது. குருநகரே திரண்டு வந்து அடக்கம் செய்தது. பெட்டியின் தலைமாட்டில் இருந்து அழுதவள் இதே மாமிதான். ஆனால் அவளுக்கு அதற்கு முன்பே மறதி தொடங்கியிருந்தது. எட்டாம் நாள் காலையில் எழும்பி, மகன் எங்கே என்று கேட்டாள். சொன்னார்கள். அப்போதுதான் முதன்முதல் கேள்விப்படுகிறவள்போல நெஞ்சில் அடித்துக்கொண்டு விழுந்தாள். அடுத்த நாளும் கேட்டாள், அடுத்த நாளும் விழுந்தாள். மூன்றாம் முறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடவேண்டியதாயிற்று.

"ஒவ்வொருமுறையும் அவவுக்கு மகன் புதிசாத்தான் சாகிறான். இனிச் சொல்லாதேங்கோ," என்றார் டொக்டர். பிரான்சில் இருக்கும் லெனாட்டின் தமக்கை பெர்னடெட்டும், அம்மாவிடம் அந்தக் கதையை எடுப்பதில்லை என்று றொசாந்தியிடம் சத்தியம் வாங்கினாள்.

அதனால் றொசாந்தி வெள்ளை உடுக்கவில்லை. பூப்போட்ட சட்டையோடு திரிந்தாள். ஊர் அதையும் கதைத்தது. கணவனின் படத்தைச் சுவரில் மாட்டிச் சின்ன பல்ப் ஒன்று போட்டபோது, "உயிரோடை இருக்கிறவனுக்கு ஏனடி விளக்கு?" என்று மாமி சத்தம் போட்டாள். படம் அலுமாரிக்குள் போயிற்று. மத்தியானத்தில் லெனாட்டுக்கும் சோறு போட்டு மூடி வைக்கவேண்டும். மாமி சரிந்து படுத்ததும் றொசாந்தி அதையும் தின்பாள். கொட்டுவதற்கு மனம் வரவில்லை. கழுவிக் கவிழ்த்த சோற்றுக் கோப்பையைக் கண்டால்தான், அவன் வந்து தின்றுவிட்டுப் போனான் என்று மாமி நம்புவாள்.

வாசற் படலை எந்நேரமும் பூட்டியே இருந்தது. திறந்திருந்தால் மாமி மகனைத் தேடிக்கொண்டு துறைக்குப் போய்விடுவாள். பூட்டின் திறப்பு றொசாந்தியின் கழுத்தில் செபமாலையோடு தொங்கியது.

லெனாட்டின் முதலாம் ஆண்டுப் பூசை பின்னேரம் ஐந்தரைக்குத் தேவாலயத்தில். மாமியோடு வந்து இருப்பதாகப் பக்கத்து வீட்டு றஜிதா சொல்லியிருந்தாள். ஐந்து மணிக்கு, பிள்ளைக்குக் காய்ச்சல், வரமுடியவில்லை என்று மதிலுக்கு அப்பாலிருந்து சொன்னாள். மாமியைக் கூட்டிக்கொண்டு போகலாம்தான். ஆனால் பூசையில் பங்குச் சுவாமி லெனாட்டின் பெயரை வாசிப்பார். உடுக்காத வெள்ளைச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு றொசாந்தி படலையடியில் நின்றாள். முதல் மணி அடித்தது. பிறகு இரண்டாம் மணியும் அடித்தது.

மாமி பின்னால் வந்து நின்றாள்.

"ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? நீ சண்டை பிடிச்சுத்தான் அவன் வீட்டை வாறேல்லை. எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ?"

"உள்ளுக்குப் போங்கோ மாமி."

"என்ரை பிள்ளையைக் கலைச்சுப்போட்டாய்."

"அவர் செத்துப்போனார்," என்றாள் றொசாந்தி. "போன வருசமே செத்துப்போனார் மாமி. இண்டைக்கு ஆண்டு. அங்கை பூசை நடக்குது, என்னாலை போகேலாமல் கிடக்கு."

மாமி மணலில் அப்படியே குந்திவிட்டாள். "என்ரை ராசா" என்று அவள் குரல் எடுத்ததும் றொசாந்தி ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்தாள். தேற்றத்தான் போனாள். ஆனால் அவளுக்கே அழுகை பீறிட்டு வந்தது. இருட்டும்வரை இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். கடைசியில் மாமி அவள் தலையைத் தடவினாள்.

"இவ்வளவு நாளும் தனியவோ மோனை இருந்தனி?"

மாமியைக் கவனமாகப் பார் என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை.

விடிந்ததும் மாமி வழக்கம்போலக் கேட்டாள். பின்னேரம் வருவார் என்று றொசாந்தி சொன்னாள்.

பன்னிரண்டு நாள் பொறுத்தாள். பதின்மூன்றாம் நாள் மத்தியானம் மாமி ஏதோ முணுமுணுத்தபடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. றொசாந்தி அவளுக்கு முன்னால் போய்க் குந்தினாள்.

"மாமி, லெனாட் செத்துப்போனார்."

அந்தக் கை திரும்பவும் தன் தலையில் படவேண்டும் என்றுதான் சொன்னாள். ஆனால் மாமி அழவில்லை. உதடு நீலம் பாரித்தது, மூச்சு இழுத்தது. றொசாந்தி நாக்கின் கீழ் டொக்டர் தந்த குளிசை வைத்து, நெஞ்சைத் தடவி, "மாதாவே, மாதாவே" என்று அரற்றினாள். அரை மணி நேரம் கழித்து மாமியின் முகத்தில் இரத்த ஓட்டம் திரும்பியது.

"என்ன நடந்தது பிள்ளை? ஏன் அழுறாய்?"

"கண்ணுக்கை வெங்காயம் பட்டிட்டுது மாமி."

பின்னேரம் கிணற்றடியில் நின்று பெர்னடெட்டுக்குப் போன் எடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"இண்டைக்கு எனக்காகத்தான் சொன்னனான் மச்சாள். ஆரோடையாவது சேந்து அழவேணும் போலை கிடந்தது. நானே அவவைச் சாகடிச்சிருப்பன்."

ஏச்சுக்குக் காத்திருந்தாள்.

"நான் தம்பியின்ரை முகத்தைக் கடைசியாப் பாக்கவே இல்லை," என்றாள் பெர்னடெட். "அப்ப என்னட்டை பிரான்ஸ் விசா இல்லை, வந்தால் திரும்பிப் போகேலாது. வேலைத்தலத்திலை கக்கூசுக்குள்ளை நிண்டு அழுதனான். எனக்கு எடுத்திருக்கலாமே, றொசாந்தி."

"நீங்கள்தானே அந்தக் கதை எடுக்கவேண்டாமெண்டனியள்?"

"அம்மாட்டை எண்டெல்லோ சொன்னனான்."

றொசாந்தி மெல்ல, கரையில் கண்டபோது லெனாட் எப்படிக் கிடந்தான் என்று சொல்லத் தொடங்கினாள். எந்தச் சேட்டுப் போட்டிருந்தான், கையில் எங்கே காயம், றொசாந்தி எந்த இடத்தைத் தொட்டாள் என்றெல்லாம் பெர்னடெட் ஒவ்வொன்றாகக் கேட்டாள். இடையிடையே இருவரும் அழுதார்கள்.

தலை வாரி இழுத்துவிடச் சொல்லி உள்ளேயிருந்து மாமி கூப்பிட்டாள்.

"மாமி கூப்பிடுறா. வைக்கட்டே மச்சாள்?"

"வை. நாளைக்கும் உந்த நேரம் எடு."

றொசாந்தி வாளித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு, சீப்பைத் தேடி உள்ளே போனாள்.