போன வருஷத் தண்டுகள்

சாயங்காலம் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் கட்டில் காலியாகக் கிடக்கிறது. லேத் பட்டறையை மூடியதிலிருந்து நாலு மாதமாக அந்தக் கட்டிலைவிட்டு எழாத மனிதர் என் வீட்டுக்காரர். குளிங்க என்றால் அப்புறம், சாப்பிடுங்க என்றால் பசிக்கலை. டாக்டர் கொடுத்த மாத்திரையைக்கூட நான்தான் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

பின்பக்கம் ஓடினேன். தோட்டத்தில் நிற்கிறார். சட்டையெல்லாம் வியர்வை, கையில் செடி வெட்டும் கத்திரி.

"காஞ்ச குச்சியா நின்னுட்டிருந்துச்சு. வெட்டிட்டேன். எப்படி இருக்கு?"

என் ராஸ்பெர்ரிப் பழச்செடி. இரண்டு வருஷம் தவம் கிடந்து வளர்த்தது. அந்தச் செடியின் லட்சணம் அப்படி: இந்த வருஷம் முளைக்கிற தண்டு அடுத்த வருஷம்தான் காய்க்கும். குளிர் முடியும்வரை பழுப்பேறி, செத்த விறகு மாதிரி நிற்கும். கிட்டே போய்ப் பார்த்தால்தான் கணுவில் பச்சை தெரியும். நான் தினமும் போய்ப் பார்த்தேன். வீட்டுக்குள் பேச ஆளில்லாத நாலு மாதமும் அந்தக் கணுக்களோடுதான் பேசினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அவர் வேலை எப்போதும் சுத்தம். இந்த வருஷம் காய்க்க வேண்டிய தண்டுகளை ஒரு வரிசை முழுக்கத் தரையை ஒட்ட வெட்டி, ஒரே அளவில் துண்டு போட்டு, கட்டுக்கட்டாகச் சுவரோரம் அடுக்கியிருந்தார். பாவி மனிதர், அளவுநாடா வைத்து அளந்திருக்கிறார். மண்ணிலிருந்து தலைகாட்டும் புதுத் துளிர்களை மட்டும் பத்திரமாக விட்டிருந்தார். அதில் பழம் பார்க்க இன்னும் ஒரு வருஷம் ஆகும்.

கண்ணு தெரியலையா உங்களுக்கு என்று வாய்வரை வந்துவிட்டது. அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். கன்னத்தில் மண். எத்தனையோ நாளைக்குப் பிறகு என் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார்.

"நல்லா இருக்குங்க," என்றேன். அவர் கைகால் கழுவப் போனதும் கத்திரியை எடுத்து மாவு டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

அன்றைக்குத் தட்டை அவரே எடுத்து வைத்தார். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை நான் எழுவதற்குள் குளித்துவிட்டு அடுப்படியில் நிற்கிறார்.

"வேலியோரம் இன்னொரு வரிசை இருக்குல்ல, அதையும் இன்னிக்கு முடிச்சிடுறேன். கத்திரியை எங்க வச்ச?"

வேண்டாங்க, மிஞ்சினது அது ஒண்ணுதான் என்று சொல்லலாம். சொன்னால், நேற்று என்ன செய்தார் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். மறுபடியும் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

"தெரியலையா?" என்றார். குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

"இருங்க, இங்கதான் வச்சேன்."

டின்னை நகர்த்திக் கத்திரியை எடுத்தேன். முனை என் பக்கம் இருக்க, கைப்பிடியை அவரிடம் நீட்டினேன்.