தலைவருக்கு வாய்த்த காது

1

இந்தக் கதை ஒரு காதில் தொடங்கியது. பேருந்துக்காகக் காத்திருந்தபோது, எதிரே பணிமனைச் சுவரில் இரண்டாள் உயரத்துக்கு ஒரு முகம். முறைத்த கண், முரட்டு மீசை. காது மட்டும் யாரோ ஒரு பெண்ணுடையது. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரி: ‘கடல் கடந்து வந்த ஓவியரின் கண்களில் தாய்நாட்டின்…’

(அடித்துவிட்டேன். சாரத்தின்மேல் நிற்கிறவருக்கு ஏக்கப்பட ஏது நேரம்? கால் வைக்கும் பலகையைத்தான் பார்ப்பார்.)

3

நேராகவே சொல்கிறேன். இந்த ஊருக்கு வந்த புதிதில் ஓவியர் ரயில் நிலைய வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவர் முகங்களை வரைந்தார். பிறகு சலூன் சுவர், பள்ளிக்கூடச் சுவர். இப்போது பணிமனைச் சுவரில் போக்குவரத்துக் கழகத் தலைவரின் முகம். அவருக்குப் பிடித்துவிட்டால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் ஊரில் இருக்கும் மனைவியை அழைத்துக்கொள்ளலாம். கல்யாணமான மறுவருடத்திலிருந்து தொலைபேசியில்தான் குடித்தனம்.

கண், மூக்கு, மீசை எல்லாவற்றையும் புகைப்படத்தில் கட்டம் போட்டு, இறங்கி இறங்கித் தள்ளி நின்று பார்த்து வரைந்தவர், காதுக்கு மட்டும் இறங்கவில்லை. காதுதானே என்று கைபோன போக்கில் போட்டுவிட்டார். பார்க்க வந்த தலைவர் தன் காதைத் தடவிக்கொண்டார். படத் திறப்பு விழாவுக்குள் காதை மாற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

ஓவியர் படத்தை மனைவிக்கு அனுப்பினார்.

“அது என் காதுங்க. அந்த மடிப்பு எனக்கு மட்டும்தான் இருக்கு.”

அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. (எனக்கும்தான்.) அழிக்க மனசு வரவில்லை என்று இழுத்தார்.

“நல்லா அழிங்க. காது இங்க என்கிட்டதான் இருக்கு. ஆளு அங்க வர வேண்டாமா?”

4

முடிவு அ: மாற்றுகிறார், மனைவி வந்து இறங்குகிறாள். (இவ்வளவு சுலபமென்றால் கதை எதற்கு?)

முடிவு ஆ: கலைதான் பெரிது என்று தூரிகையை வீசி எறிகிறார். (கைதட்டல் எனக்கு, தனிக்கட்டை வாழ்க்கை அவருக்கு. அந்த அம்மாள் என்னைச் சும்மா விடமாட்டாள்.)

முடிவு இ: அழித்துவிட்டு வரைந்தார். இறங்கிப் பார்த்தால், மறுபடியும் அவள் காது. புகைப்படத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு வரைந்தார். அப்போதும் அதே மடிப்பு. அவர் கைக்கு வேறு காது தெரியவில்லை.

5

நடந்தது மூன்றாவதுதான். சிரிப்போடு எழுதிவந்த நான் இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அவள் வந்து சேரவேண்டும், ஐயா. விழாவுக்கு வரும் தலைவரின் கார் பணிமனை வாசலில் திரும்புகிறது. நான் கோடு போட்டால் கோழிக் கிறுக்கல். படிக்கிற உங்களுக்கு ஓர் ஆம்பளைக் காது வரைய வருமா? ஏறுங்கள், சாரத்தை நான் பிடித்துக்கொள்கிறேன்.