பத்து நாள் தண்ணீர் படக்கூடாது

எனக்குப் புருவம் கிடையாது. பதினான்கு வயதில் ஒரு கோடை விடுமுறைக்குள் இரண்டும் உதிர்ந்துபோயின. தலைமுடி இடுப்புவரை இருக்கிறது, இமை இருக்கிறது, புருவம் மட்டும் இல்லை. தோல் டாக்டர் ஒருவர் வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொல்லிக் களிம்பு எழுதிக் கொடுத்தார். அம்மா விளக்கெண்ணெயில் என்னென்னவோ காய்ச்சித் தடவிப் பார்த்தாள். ஒன்றும் முளைக்கவில்லை. அன்றிலிருந்து பதினேழு வருஷம், தினமும் காலையில் பென்சிலால் புருவம் வரைந்துகொண்ட பிறகுதான் கரமனை அக்ரஹாரத்துத் தெருவில் கால் வைத்திருக்கிறேன்.

முதல் பெண் பார்த்தல் என் இருபத்திரண்டாவது வயதில். மீன மாதத்துப் புழுக்கம், கரண்டும் இல்லை. நமஸ்காரம் பண்ணி எழுந்தபோது வேர்வையில் இடது புருவம் கரைந்து கன்னத்துக்கு இறங்கியிருந்தது. பையனின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பார்த்துவிட்டு அவள் பெண்ணும் சிரித்தாள். அனந்தபத்மநாபன் சித்தப்பா எழுந்தார். அவர்கள் கையிலிருந்த சொஜ்ஜி பஜ்ஜித் தட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினார். பாதி கடித்த பஜ்ஜியைக்கூட விடவில்லை. அடுக்கிக் கொண்டுபோய் அடுக்களையில் வைத்துவிட்டு வந்து, வாசல் கதவை நன்றாகத் திறந்துவைத்தார்.

அப்பாவுக்குக் கூடப்பிறந்த ஒரே தம்பி அவர். தென்காசியில் பள்ளிக்கூட வாத்தியார். அப்பா போனபோது எனக்கு அண்ணன் தம்பி இல்லாததால் கொள்ளி வைத்ததும் அவர்தான். என்னை 'ஜானு' என்று கூப்பிடுகிற ஒரே ஆள். ஆனால் அந்தத் தட்டுச் சம்பவத்துக்குப் பிறகு அம்மா அவரை எந்தப் பெண் பார்த்தலுக்கும் கூப்பிடவில்லை. "பத்மநாபன் வந்தா காரியம் நடந்தாப்லதான்" என்பாள். அவர் வராமலும் மூன்று இடம் நடக்கவில்லை. அது வேறு விஷயம்.

ஐந்தாவது இடம் வலியசாலையிலிருந்து வந்தது. பையன் பெயர் தாணு, பாங்கில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று சொல்லியனுப்ப, அதற்குப் பதினெட்டு நாள் இருந்தது. அந்த வாரம்தான் ஆபீசில் என் பக்கத்து சீட்டு அம்மிணி சேச்சி, சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "ஜானவீ, வழுதக்காட்டில் ஒரு பார்லர் உண்டு. புருவம் வரச்சு தரும். மூணு கொல்லம் போகில்ல." மூன்று வருஷத்துக்கு அழியாதாம். ஆறு வருஷமாக அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அசடு.

அம்மா மறுப்பாள் என்று நினைத்தேன். முகத்தில் ஊசி குத்துவதா என்று கத்துவாள் என்று பதில்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "பார்த்தா நெஜம் போலவே இருக்குமாடீ?"

பார்லர் நடத்துகிற ஜெயஷீலா பாறசாலைப் பக்கத்துக்காரி. துபாயில் வேலை பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தவள். நெற்றியில் நூலை வைத்து அளந்து, பென்சிலால் குறித்து, மரத்துப்போகிற களிம்பைத் தடவி முக்கால் மணி நேரம் படுக்க வைத்தாள். பிறகு பேனா மாதிரி இருந்த மெஷினை எடுத்தாள். மரத்துப்போனதாகச் சொன்னதெல்லாம் சும்மா. எறும்பு வரிசையாக நின்று கடிக்கிற மாதிரி இருந்தது. வலியில் கண்ணீர் வந்தபோது அதைக்கூட அவள் பஞ்சால் ஒற்றி எடுத்தாள், மேலே ஏறிவிடக்கூடாதாம்.

முடித்தபின் கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். கரிக்கட்டையால் இழுத்த மாதிரி இரண்டு கோடு. கண்ணாடியை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

"பயப்படாண்டாம் மோளே. இப்பம் கறுப்பாத்தான் இருக்கும். நாலு நாள்ல தொலி காய்ஞ்சு பொருக்காயிரும், சொறிச்சல் எடுக்கும். நகத்த வச்சு எடுக்கப்பிடாது. பொருக்கோட களரும் போயிரும். அதுவா உதிரணும், கேட்டியளா?"

"தண்ணி?"

"பத்து நாளு வெள்ளமே படப்பிடாது. தலைக்குக் குளிக்கப்பிடாது, எண்ணெ தொடப்பிடாது, வெயில்ல எறங்கப்பிடாது, வேர்க்கப்பிடாது. பஸ்ஸுல தூசியில போவவே போவாதிய. இந்த ஓயின்மென்ட அரிசியளவு எடுத்துப் பூசுங்க, போதும்."

அது வியாழக்கிழமை. ஆபீசுக்கு இரண்டு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்தேன். கழுத்துக்குக் கீழே மட்டும் குளியல். முகத்தை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொள்வது, மின்விசிறிக்கு நேர் கீழே மல்லாந்து படுப்பது, மணிக்கொரு தரம் கண்ணாடி பார்ப்பது, இதுதான் வேலை. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள்ளாவிட்டால் அடுக்களைக்குள் விடாத அம்மா, அந்த வெள்ளிக்கிழமை ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை போன் வந்தது. தென்காசியிலிருந்து சித்தி. அம்மா பேசிவிட்டு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பத்மநாபனுக்கு நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரிலேந்து ஆத்துக்கு அழைச்சுண்டு வந்துட்டாளாம். ஜானுவைப் பார்க்கணும்னு சொல்றானாம்."

"ரொம்ப முடியலையாமா?"

"அப்படியொண்ணும் சொல்லலை. வாயுவா இருக்கும்."

இந்த இடத்தை நான் மறைக்கப் போவதில்லை. தம்பானூரில் பஸ் ஏறினால் மூன்றரை மணி நேரம். நான் கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். வெயில், தூசி, வேர்வை. "பத்து நாள் ஆகட்டும்மா, அப்புறம் போய் நாலு நாள் இருந்துட்டு வரேன்" என்றேன். அம்மா தலையாட்டினாள்.

மறுநாள் மத்தியானம் மறுபடியும் போன் அடித்தது. நான் உள்ளே மல்லாந்து படுத்திருந்தேன். அம்மா தாழ்ந்த குரலில் கொஞ்ச நேரம் பேசினாள். யார் என்று கேட்டதற்கு "ராங் நம்பர்" என்றாள். ராங் நம்பரோடு அவ்வளவு நேரம் என்ன பேச்சு என்று கேட்க வாயெடுப்பதற்குள் குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. காலையில்தான் குளித்திருந்தாள். "வேர்த்துக் கொட்டறதுடீ" என்றாள் ஈரத் தலையோடு வந்து. அன்று சாயங்காலத்திலிருந்து போன் வேலை செய்யவில்லை. ரோடு வெட்டியதில் கேபிள் அறுந்துபோயிற்று என்றாள். நம்பினேன். எங்கள் தெருவில் மாதத்துக்கு ஒருமுறை அறுகிற கேபிள்தான்.

ஐந்தாம் நாள் பொருக்கு கட்டியது. சொறிச்சல் என்றால் அப்படியொரு சொறிச்சல். இரண்டு கையையும் முதுகுக்கு அடியில் போட்டுக்கொண்டு படுத்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் நெற்றிக்கு மட்டும் வீசுவாள். அந்த நாட்களில் அவள் நடவடிக்கை கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருந்தது. பூஜை அறைக்குள் போகவில்லை. முட்டி வலியாம். "நீ ஏத்து, கல்யாணம் ஆகப்போற பொண்ணு வெளக்கேத்தினா நல்லது" என்று என்னை ஏற்ற வைத்தாள். கோயிலுக்குப் போகவில்லை. விடிகாலை நாலு மணிக்குக் குளியலறையில் குடம் குடமாக ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்கும். என் கல்யாணத்துக்காக ஏதோ விரதம் என்று நினைத்து நெகிழ்ந்துகூடப் போனேன்.

ஒன்பதாம் நாள் பொருக்கு உதிர்ந்தது. அடியில் நிறமே இல்லை, வெளிறிக் கிடந்தது. எல்லாம் போயிற்று என்று அழுதேன். பன்னிரண்டாம் நாள் அது மெல்ல ஏறி வந்தது. மயிரிழை மயிரிழையாக, பழுப்பு கலந்த கறுப்பு. கண்ணாடியில் எனக்கே என்னைப் பிடித்திருந்தது. அதைச் சொல்ல வெட்கமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் வந்தார்கள். தாணு, அவன் அப்பா அம்மா, ஒரு மாமா, கடைசியாகப் பையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஒரு அத்தை. தென்காசியிலிருந்து நேராக பஸ்ஸில் வருகிறாளாம். அதைக் கேட்டதும் அம்மா அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். கூட்டம் என்றால் அவளுக்குப் படபடப்பு வரும், அதுதான் என்று நினைத்தேன். தட்டுகளை நான் எடுத்து வந்து கொடுத்தேன். நமஸ்காரம் பண்ணினேன். எதுவும் கரையவில்லை. தாணு என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். நல்ல சிரிப்பு. நானும் சிரித்தேன். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம் என்று இருந்தது.

அத்தை என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"அம்மை போட்டிருந்ததுன்னாளே, ஒரு தழும்பு இல்லையேடீ கொழந்தே! தேவி கிருபை."

"எனக்கா? அம்மையா?"

"பின்னே? எங்க தெருவிலேதானே இருக்கு உங்க சித்தப்பா ஆம். அம்மை போட்ட ஆத்தை விட்டு அசையப்படாதுன்னு விஜயம் மன்னி, உன் அம்மாதான், சொன்னான்னு உன் சித்தி அழுதாளே. கடைசி மட்டும் 'ஜானு வந்துட்டாளா'ன்னு கேட்டிண்டிருந்தாராம். முந்தாநாள் பதிமூணாம் நாள் சுபம். அவர் பிள்ளை சாய்தான் பாவம், ஒத்தைப் பிள்ளையா நின்னு எல்லாம் பண்ணினான்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

ராங் நம்பர். மத்தியானக் குளியல். முட்டி வலி. நாலு மணிக் குடம். எல்லாம் விளங்கியது. எங்கள் வீடுகளில் தீட்டு என்பது காதில் விழுந்த பிறகுதான். சித்தப்பா செத்த சேதி கேட்ட நிமிஷம் கட்டிய துணியோடு தலை முழுக வேண்டும், பத்து நாள் ஒதுங்கியிருக்க வேண்டும். பத்து நாள் கழித்துக் கேட்டால் மூன்று நாள். கேட்காதவளுக்கு ஒன்றுமில்லை. அவள் விளக்கேற்றலாம், பொட்டு வைத்துக்கொள்ளலாம், புருவத்தை நனையாமல் காப்பாற்றலாம். தனக்கு வந்த தீட்டை அம்மா எனக்குத் தெரியாமல் ஒருத்தியாகக் காத்து முடித்திருக்கிறாள். ஆசாரத்தில் ஒரு எழுத்துக் குறையவில்லை. எனக்கு அவளை அறைய வேண்டும் போல் இருந்தது. பெற்றவளை.

எழுந்தேன். முதலில் அத்தையின் கையிலிருந்த தட்டை வாங்கினேன்.

"எனக்கு இப்பத்தான் தெரியும். இப்பத்தான் தீட்டு. நான் கொண்டுவந்ததை நீங்க சாப்பிடப்படாது."

மாமாவின் தட்டு. தாணுவின் அப்பா பஜ்ஜியைக் கடித்த வாயோடு விழித்தார், அவர் தட்டு. அம்மாக்காரியின் தட்டு. தாணு தானே எழுந்து இரண்டு கையாலும் நீட்டினான். ஐந்தையும் அடுக்கிக்கொண்டேன். சித்தப்பாவும் அன்று இப்படித்தான் அடுக்கினார். அடுக்களை மேடையில் வைத்துவிட்டுப் போய், வாசல் கதவை நன்றாகத் திறந்தேன். பிறகு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டேன்.

பட்டுப்புடவையோடு தலையில் ஊற்றிக்கொண்டேன். ஒரு வாளி, இரண்டு வாளி. சோப்பை எடுத்து இரண்டு புருவத்தையும் தேய்த்தேன். நகத்தால் தேய்த்தேன். தேங்காய் நார் கிடந்தது, அதாலும் தேய்த்தேன். சித்தப்பா என்று வாய்விட்டு அழுதேன். பத்து நாள் ஆகட்டும் என்று சொன்ன என் வாயைத் தேய்க்க வழியில்லை.

கொஞ்ச நேரத்தில் அம்மா கதவுக்கு வெளியே வந்து நின்றாள்.

"அவா எறங்கிட்டா. கோபமொண்ணும் இல்லைடீ. அந்த அத்தை ஒரே புகழ்ச்சி. இந்தக் காலத்துல இவ்வளவு ஆசாரமான பொண்ணு எங்கே கெடைக்கும், கேட்ட ஒடனே தட்டை வாங்கிட்டா பாருங்கோன்னு. பையனுக்குப் பிடிச்சுடுத்தாம். உன் மூணு நாள் கழியட்டும், பேசலாம்னா."

நான் குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன்.

"நான் சொல்லியிருந்தா நீ போயிருப்பியா?" என்றாள். "சனிக்கிழமையே சொன்னேனே. போனியா?"

வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சுவரில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியைக் கையால் துடைத்துப் பார்த்தேன். நெற்றி முழுக்கச் சிவந்து, ஓரிடத்தில் ரத்தம் கசிந்திருந்தது.

அம்மா கதவை மெல்லத் தட்டினாள்.

"ஜானவி... தண்ணி பட்டு அது போயிடுத்தாடீ?"

"போகலை" என்றேன். "அப்படியே இருக்கு."