மெல்கெரின் கட்டைவிரல்

...இன்னும் பன்னிரண்டு நிமிடம், சமனில் முடிந்தால் போதும், அணி இரண்டாம் பிரிவிலேயே தங்கிவிடும், தோற்றால் கீழே, ஆனால் மெல்கெர் ஏன் இடது காலை அப்படி வைக்கிறான், இல்லை, நன்றாகத்தான் ஓடுகிறான், ஓடுகிறானா? கால்பந்துப் பயிற்சியாளர் ஹோகன் கோட்டோரம் நின்று கண்ணைச் சுருக்கினார். நவம்பர் ஈரத்தில் செயற்கைப் புல் வழுக்குகிறது, மெல்கெரை வெளியே எடுத்தால் தடுப்பாட்டத்தில் ஆளில்லை, பெஞ்சில் இருப்பவன் உயரப் பந்தைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்வான்... "மெல்கெர்! முட்டி எப்படி இருக்கு?" கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். இங்கே எல்லாரும் அப்படித்தான், கால் கழன்று கையில் வந்தாலும் ஒன்றுமில்லை என்பார்கள், வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் ஊரைக் கூட்டியதாகிவிடும்.

ஹோகனும் அப்படித்தானே உயர்த்தினார், இருபத்திரண்டு வருடம் முன்னால், இதே போல ஒரு கடைசி ஆட்டத்தில், வீங்கிய முட்டிக்கு மேல் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு... அன்றைய பயிற்சியாளர் பெர்டில், நல்ல மனிதர், நம்பினார், குனிந்து பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டார், நான்கே நிமிடம், டப்பென்று ஒரு சத்தம். அணி தப்பித்தது, முட்டி தப்பவில்லை, இருபத்தொன்பது வயதில் ஆட்டம் முடிந்தது. ஏலக்காய் ரொட்டியோடு ஆஸ்பத்திரிக்கு வந்த பெர்டிலிடம் ஹோகன்தான் அழுதார், "உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க." பெர்டில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "விடுப்பா, போனது போச்சு" என்றார். என்ன பெருந்தன்மை என்று நெஞ்சு விம்மியது, அவரைப் போல ஆக வேண்டும் என்றுதானே இந்த வேலைக்கே வந்தார்...

"ஹோகன், அவன் நொண்டுறான்யா, தெரியலையா உனக்கு?" துணைப் பயிற்சியாளர் ஊலா தோளைப் பிடித்து உலுக்கினார். "மாத்தவா, வேண்டாமா? வாயத் தொறந்து சொல்லு!" நொண்டுகிறானா, எப்போதிருந்து, நான் பார்த்துக்கொண்டுதானே நின்றேன்... இல்லை. குனிந்திருந்தேன். கையில் கோப்பை, காப்பி நிரம்பி விளிம்பில் வழிகிறது, இதை எப்போது ஊற்றினேன், எனக்குக் காப்பி வேண்டியிருக்கவே இல்லையே... விரல் சுட்டது. அப்படியானால் பெர்டிலுக்கும் அன்று காப்பி வேண்டியிருக்கவில்லை. தெரிந்துதான் குனிந்திருக்கிறார், தெரிந்தேதான் மன்னிப்பையும் வாங்கிக்கொண்டிருக்கிறார். மைதானத்தின் நடுவிலிருந்து மெல்கெர் மறுபடி கட்டைவிரலை உயர்த்தினான், இந்த முறை யாரும் கேட்காமலேயே.