மூன்று சுற்று

கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடிக்குப் பக்கத்தில் புதுக் கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டப் போய்த்தான் அந்தக் குகை அகப்பட்டது. எந்தக் காலத்து வேலையோ, நிலத்துக்குக் கீழே தூண்களோடு பெரிய மண்டபம், கூரை வரைக்கும் தண்ணீர். கூரை தாங்குமா என்று பார்க்கப் பதியுதீன் முதலாளி ஒரு ரோபோவை இரவல் வாங்கி வந்தார். ரைஸ் குக்கர் அளவு மெஷின். முன்னால் கமெரா, பக்கத்துக்கொரு மோட்டர், பின்னால் நீளக் கேபிள். மேலேயிருந்து அதை ஓட்டுகிறவள் ஆனந்தி. குழிவாயிலில் நின்று கேபிளை விடுகிறவன் அவளுடைய புருஷன் ஹரிசன், துறைமுகத்தில் தண்ணீருக்கடியில் இறங்கி வேலை செய்கிற சுழியோடி.

மெஷின் உள்ளே மாட்டிக்கொண்டால் இறங்கி எடுக்க வேண்டியவனும் அவன்தான். அந்த ஏற்பாடு ஆனந்திக்குத் தொடக்கத்திலேயே பிடிக்கவில்லை. துறைமுகத்தில் மூச்சு முட்டினால் மேலே வரலாம். இங்கே மேலே வந்தால் தலை கல்லில் இடிக்கும்.

பத்தரை வரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கடைசி மூலை வரை படம் பிடித்தாயிற்று, கூரையில் வெடிப்பு ஒன்றும் இல்லை. திரும்பும்போதுதான் வலது மோட்டர் நின்றது. இடது மோட்டரை மட்டும் நம்பி, மெஷின் தன்பாட்டில் ஒரு தூணைச் சுற்றத் தொடங்கியது. ஆனந்தி நிறுத்துவதற்குள் மூன்று சுற்று. கேபிள் தூணில் இறுகிவிட்டது. கிளம்பிய சேற்றில் திரை முழுக்கப் பால்தேத்தண்ணி நிறக் கலங்கல்.

"இழுத்துப் பாப்பமா?" என்றார் பதியுதீன்.

"இழுத்தா அறும், நானா," என்றாள் ஆனந்தி முதலாளியிடம்.

"பற்றரி அரை மணித்தியாலத்துக்குத்தான், தங்கச்சி. அது முடிஞ்சா ஹரிசன்தான் இறங்க வேணும்."

ஹரிசன் சுழியோடி உடுப்பை மாட்டத் தொடங்கினான். ஆனந்தி எட்டி அவன் கையைப் பிடித்தாள்.

"கழட்டுங்க. இன்னும் நேரம் கிடக்கு."

"போட்டா இறங்கவேணுமெண்டு சட்டமே?" என்றான் அவன். முகத்தில் சிரிப்பு இல்லை.

அவள் பற்றரி மிஞ்சட்டும் என்று மெஷினின் விளக்கை அணைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தாள். பதியுதீன் மணிக்கூட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி மணிக்கூட்டைப் பார்த்தார்.

"ஒண்டும் செய்யாம இருக்கிறீங்களே, தங்கச்சி."

"சேறு படியட்டும், நானா."

பத்து நிமிஷம் போய் விளக்கைப் போட்டாள். தூண் தெரிந்தது, அதில் சுற்றிய கேபிளும் தெரிந்தது. ஒற்றை மோட்டர் முன்னுக்கு ஓடிச் சுற்றியதை அதே மோட்டர் பின்னுக்கு ஓடி அவிழ்க்கத்தானே வேண்டும். இந்தச் சின்னக் கணக்குக்காகவா இவ்வளவு நேரம் செத்துப் பிழைத்தோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது.

"ஹரிசன், நான் சொல்லேக்க மட்டும் கேபிளை எடுங்க."

ஒரு சுற்று அவிழ்ந்தது. "எடுங்க." இரண்டாவது. "எடுங்க." மூன்றாவது அவிழ்ந்ததும் தூண் திரையை விட்டு விலகியது. "இப்ப இழுங்க. நிப்பாட்டாம இழுங்க."

மெஷின் குழிவாயிலில் தலைகாட்டியது. ஆனந்தி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதாள். பதியுதீன் "அல்ஹம்துலில்லாஹ்" என்று கவிழ்த்துவைத்த வாளிமேல் குந்திவிட்டார்.

ஹரிசன் மெஷினைப் புரட்டினான், உடனே கையால் எதையோ மறைத்தான். மறைத்தால் விடுகிற ஆளா அவள்? வலது மோட்டரின் விசிறியில் மஞ்சள் நூல் ஒன்று சிக்கிக் கிடந்தது. கோயில் நூல்.

"இது ஆர் கட்டினது?"

அவன் தலையைச் சொறிந்தான். "நேற்று மாரியம்மன் கோயில்ல வாங்கினனான். மெஷின் பத்திரமா வந்தா நான் இறங்கத் தேவையில்லையே."

"உங்கட கொச்சிக்கடைச் சேர்ச்சுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தியிருக்கலாமே."

"தண்ணிக்குள்ள போற சாமான். மெழுகுதிரி சரிவருமோ எண்டு யோசிச்சனான்."

கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு. ஒரு கிழமையாக வீட்டில் வாயே திறக்காத மனுஷன்.

"பயமெண்டா என்னட்டச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீ இந்த வேலையே வேண்டாமெண்டிருப்பாய்."

"ஓம், சொல்லித்தான் இருப்பன்."

அவள் நூலை அறுக்காமல் மெதுவாக விசிறியிலிருந்து கழற்றினாள். அவனுடைய ஈரக் கையை இழுத்து மணிக்கட்டில் சுற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று சுற்று. முடிச்சுப் போட்ட பிறகும் அவள் அந்தக் கையை விடவில்லை.